பெற்றோர் தராமல் வைத்துக்கொண்ட பாதி

குழந்தை பிறந்ததும் மூக்கையும் நெற்றியையும் பார்த்துவிட்டு, "அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறது" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்பாவின் மரபணுச் சரக்கில் பாதிதான் குழந்தைக்கு வருகிறது. அம்மாவிடமிருந்தும் பாதிதான். மீதிப் பாதி அவர்களோடேயே தங்கிவிடுகிறது. அந்த மீதியும் சும்மா இருப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், வந்து சேரும் பாதி. நம் உயிரணுவில் மரபணுக்களைச் சுமக்கும் 23 ஜோடி குரோமோசோம்கள். விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் உள்ளே போகும். எது என்பது தற்செயல். இந்தத் தேர்வை மட்டும் கணக்குப் போட்டாலே ஒருவரிடமிருந்து ஏறக்குறைய 84 லட்சம் விதமான பாதிகள் வரலாம். போதாததற்கு, பிரிவதற்கு முன் ஜோடிகள் ஒட்டி நின்று துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஒருவர் கிழக்கும் ஒருவர் மேற்குமாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்புறம், ஒரு குணத்துக்கு ஒரு மரபணு என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 54 லட்சம் பேரின் மரபணுத் தகவலை அலசி 2022-இல் வெளியான ஆய்வு, நம் மரபணுச் சரக்கில் உயரத்தோடு தொடர்புள்ள 12,000-க்கும் மேற்பட்ட இடங்களைக் காட்டியது. அளந்து பார்க்க முடிந்த உயரத்துக்கே இத்தனை என்றால், கூச்ச சுபாவத்துக்கும் முன்கோபத்துக்கும் சொல்லவே வேண்டாம்.

2015-இல், ஐம்பது ஆண்டுகால இரட்டையர் ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் சராசரியாக 49 சதவீதத்துக்கு மரபணு வேறுபாடுகள் காரணம் என்று தெரிந்தது. இந்த எண்ணைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். உங்கள் கோபத்தில் 49 சதவீதம் அப்பாவுடையது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு கூட்டத்தில் சிலர் ஏன் சீக்கிரம் கோபப்படுகிறார்கள், சிலர் ஏன் படுவதில்லை என்ற வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு இது. தனி ஒருவரை இப்படிக் கூறு போட முடியாது.

சரி, தங்கிவிட்ட பாதிக்கு வருவோம். ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 2018-இல் அழகான ஒரு காரியம் செய்தார்கள். பிள்ளைக்கு வந்து சேராத மரபணு வடிவங்களை மட்டும் தனியே பிரித்து, அவற்றுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் தொடர்பு உண்டா என்று தேடினார்கள். இருந்தது. வந்து சேர்ந்தவற்றின் விளைவில் சுமார் 30 சதவீத அளவுக்கு! ஒத்த படிப்புள்ளவர்களே மணந்துகொள்வதும் இந்தக் கணக்கில் கலந்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும், உடம்புக்குள் வராத ஒன்று வீட்டின் வழியாக வந்து சேர முடியும் என்பதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. அம்மாவைப் படிக்கத் தூண்டும் மரபணு மகளுக்கு வராமல் போகலாம். அம்மா மடியில் வைத்து வாசித்துக்காட்டிய கதை வந்துவிடும்.

விழுமியங்கள் பெரும்பாலும் கண் வழியாகத்தான் இறங்குகின்றன. 1961-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைச் சிறு பிள்ளைகளைப் பார்க்கவைத்தார். பிறகு தனியே விட்டபோது, அதே அடி, அதே வார்த்தைகள். "பொய் சொல்லாதே" என்று நூறு முறை சொல்லிவிட்டு, ஃபோன் அடிக்கும்போது "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்றால், பிள்ளை எடுத்துக்கொள்வது இரண்டாவதைத்தான்.

இரண்டு பாதிகளும் கலந்து நிற்பதை நான் எங்கள் வாசல் கதவில் பார்க்கிறேன். அப்பா பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். நானும் அப்படித்தான். எளிதில் பதறும் சுபாவத்தில் மரபணுவுக்குப் பங்குண்டு; பூட்டை இழுப்பதோ அவர் பின்னால் நின்று பார்த்துப் பழகியது. என் மகளுக்கு நான்கு வயது. நான் சாவியை எடுத்ததும் நுனிக்காலில் எம்பி, பூட்டைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குகிறாள்.