நிலத்தில் காற்று அளக்கும் கம்பம் நட வந்தால்: விதிகளும் விவரமும்

தென்காசி, உடுமலை, கயத்தாறு, ராதாபுரம் பக்கம் காட்டு வழியே போனால், செல்போன் டவரைவிட ஒல்லியாக, சுற்றிலும் கம்பி இழுத்துக் கட்டிய உயரமான கம்பம் ஒன்று தனியே நிற்பதைப் பார்க்கலாம். வெவ்வேறு உயரங்களில் சின்னக் கிண்ணங்கள் சுழன்றுகொண்டிருக்கும். அது காற்றை அளக்கும் கம்பம். அங்கே காற்றாலை வைத்தால் வருஷத்துக்கு எத்தனை யூனிட் கிடைக்கும் என்ற கணக்கு அதிலிருந்துதான் பிறக்கிறது. நிலம் கொடுப்பவருக்கும் சரி, பணம் போடுபவருக்கும் சரி, இந்த அளவீடு எப்படி நடக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016 அக்டோபரில், நிலத்தில் அமையும் காற்றாலைகளுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. ஓர் இடம் காற்றாலைக்குத் தேறுமா என்று பார்க்க அதில் கேட்கப்படுபவற்றில் முக்கியமானது காற்று வள மதிப்பீடு. போதுமான நிலம், மின்கட்டமைப்பு இணைப்பு, பெரிய இறக்கைகளைக் கொண்டுபோகப் பாதை, சுற்றுச்சூழலுக்குப் பாதகமின்மை ஆகியவையும் வேண்டும்.

காற்று நன்றாக அடிக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொன்னால் போதாதா? போதாது. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் காற்றுக்கும் 6 மீட்டர் வேகத்தில் வரும் காற்றுக்கும் முகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் முப்படியாகக் கூடும். 5-ஐ மூன்று முறை பெருக்கினால் 125, 6-ஐப் பெருக்கினால் 216. ஒரே ஒரு மீட்டர் கூடியதற்கு ஆற்றல் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட கூடிவிடுகிறது. கிண்ணம் சரியாகச் சுழலாமல் அளவு கொஞ்சம் பிசகினாலும் கடன் தவணைக் கணக்கே தப்பிப்போகும்.

அப்புறம், காலம். நம் பக்கத்துக் காற்றாலைகள் பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பியவை. மே முதல் செப்டம்பர் வரை பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக அது புகுந்து வரும். அம்மியைத் தூக்கும் ஆடி மாதத்தில் இடம் பார்க்க வருபவருக்கு எந்தக் காடும் தங்கமாகத்தான் தெரியும். அதே இடம் கார்த்திகையில் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்தால்தான் வருமானம் தெரியும். அதனால்தான் குறைந்தது ஒரு முழு வருஷம் அளக்கிறார்கள். 10 நிமிடத்துக்கு ஒரு சராசரி என்று வேகமும் திசையும் பதிவாகும். வெப்பநிலையும் காற்றழுத்தமும் கூட.

அந்த ஒரு வருஷம் பருவக்காற்று வலுத்த வருஷமாகவோ மெலிந்த வருஷமாகவோ இருந்துவிடலாம். ஆகவே கம்பத்தின் பதிவை அந்தப் பகுதியின் பல்லாண்டு வானிலைத் தரவோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். முடிவில் 'பி-50', 'பி-90' என்று இரண்டு எண்கள் வரும். பி-50 என்றால் அந்த அளவு உற்பத்தி எட்டுவதற்கு 50 சதவீத வாய்ப்பு. பி-90 என்றால் 90 சதவீத வாய்ப்பு. கடன் கொடுப்பவர்கள் சிறிய எண்ணான பி-90-ஐயும் கேட்டுப் பார்ப்பார்கள். பணம் போடுபவரும் அதையே கேட்க வேண்டும் என்பேன். பி-50-ஐ மட்டும் காட்டி லாபம் சொன்னால் பாதிக் கதைதான் சொல்லப்பட்டிருக்கிறது.

எந்த உயரத்தில் அளந்தார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் மதிப்பீட்டில், 100 மீட்டர் உயரத்தில் நாட்டின் காற்றாற்றல் வளம் சுமார் 302 ஜிகாவாட். 150 மீட்டரில் சுமார் 1,164 ஜிகாவாட். தமிழ்நாட்டுக்கு மட்டும் பார்த்தால் 34-லிருந்து 95 ஜிகாவாட்டாக உயர்கிறது. மேலே போகப் போகக் காற்று வலுக்கும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு வலுக்கும் என்பது சுற்றியுள்ள தோப்பு, மேடு, வீடுகளைப் பொறுத்தது. 50 மீட்டர் கம்பத்தில் அளந்துவிட்டு 120 மீட்டர் காற்றாலைக்குக் கணக்குப் போட்டால் நடுவில் இருப்பது ஊகம்.

இன்னொரு விதியைச் சிலர் தவறாகக் காட்டுவார்கள். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண விதிமுறைகளில், சரிபார்க்கப்பட்ட ஒரு கம்பத்தின் அளவை அதிலிருந்து 10 கிலோமீட்டர் வரை பொருத்தலாம் என்று இருந்தது. ஒரு திட்டம் எந்தக் காற்று மண்டலத்தில் சேரும், அதற்கு என்ன கட்டணம் என்று வகைப்படுத்துவதற்கான ஏற்பாடு அது. கணவாய்ப் பகுதியில் ஒரு குன்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காற்று வேறுவேறு. பக்கத்து ஊர்க் கம்பத்தின் தாளை வைத்து உங்கள் காட்டுக்கு விலை பேச விடாதீர்கள்.

முன்பு 50 மீட்டர் உயரத்தில் காற்றின் ஆற்றல் சதுர மீட்டருக்கு 200 வாட் இருந்தால்தான் அந்த இடத்தில் காற்றாலை என்று ஒரு வரம்பு இருந்தது. 2011-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2017-இல், குறைந்த விலைக்கு மின்சாரம் தருவதாகச் சொல்பவருக்கே திட்டம் என்ற ஏலமுறை வந்து, முதல் ஏலத்திலேயே யூனிட் விலை 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. காற்றைத் தப்பாகக் கணித்தால் தாங்கும் இடைவெளி இப்போது மிகக் குறைவு.

2016 நெறிமுறைகளில் ஊர்க்காரர்களுக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி தூரக் கணக்கு. குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் காற்றாலை வைக்கக் கூடாது. சத்தத்துக்காக வைத்த வரம்பு இது. பொதுச் சாலை, ரயில் பாதை, கட்டடங்கள், உயர் அழுத்த மின்பாதை ஆகியவற்றிலிருந்து, கோபுர உயரத்தோடு சுழலி விட்டத்தில் (இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம்) பாதியையும் 5 மீட்டரையும் கூட்டிய தூரம் விட வேண்டும். கோபுரம் 120 மீட்டர், விட்டம் 140 மீட்டர் என்றால் 195 மீட்டர்.

கம்பம் நடக் கேட்டால் அதற்குத் தனி ஒப்பந்தம் போடுங்கள். காற்றாலைக் குத்தகையை அதோடு சேர்க்க வேண்டாம். இழுகம்பிகள் கம்பத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். உழவுக்கு எவ்வளவு நிலம் போகிறது, எத்தனை மாதம், முடிந்தபின் கான்கிரீட்டைத் தோண்டி எடுப்பது யார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அளந்த விவரத்தில் ஒரு படி உங்களுக்கும் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள்.