"அங்க ஏன் தம்பி சிரிக்கிறாங்க?"

போன வருடம் ஒரு 'வள்ளி திருமணம்' நாடகத்தை மேடையில் நடந்தபடியே ஒலிப்பதிவு செய்து, கடலூர் முதுநகரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு அனுப்பினேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நாடகப் பாட்டு என்றால் உயிர். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். "பாட்டெல்லாம் பிரமாதம் தம்பி. ஆனா நடுவுல ஜனங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்களே, அங்க என்ன நடந்துச்சு?"

மறுபடி போட்டுக் கேட்டேன். கிழவர் வேடத்தில் வந்த முருகன், வள்ளி அந்தப் பக்கம் திரும்பியதும் தடியைத் தோளில் போட்டுக்கொண்டு வாலிபனாக நடப்பார். அவள் திரும்பிப் பார்த்ததும் கூன் விழுந்துவிடும். வசனமே இல்லாத இடம். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு, அவருக்கு வெறும் இரைச்சல். நாடகத்தைப் பதிவு செய்வது வேறு, காதுக்காக நாடகம் செய்வது வேறு என்பது 15 வருடமாக ஒலி அமைக்கிற எனக்கு அன்றுதான் உறைத்தது.

அந்தக் காட்சியைத் தனியாக எடுத்தோம். தடி மெதுவாகத் தரையில் ஊன்றும் சத்தம், கூடவே இருமல். சட்டென்று தடிச் சத்தம் நிற்கிறது, சலங்கை துள்ளுகிறது. "யாரது?" என்று வள்ளி கேட்கிறாள். உடனே மறுபடி தடி, மறுபடி இருமல். நாங்கள் சேர்த்தது அந்த ஒரு சொல்தான். பெரியவர் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

விவரிப்புக் குரலே கூடாது என்று சொல்லவில்லை. காட்சி தொடங்கும்போது இடத்தையும் ஆளையும் ஒரு வரியில் சொல்லலாம். பாட்டின் மேல் மட்டும் பேசாதீர்கள். இசை நாடகத்தில் கதையே பாட்டில்தான் நகர்கிறது.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. கூத்தில் வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்றே தான் யார் என்று பாடிவிடுவார். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் கேள்வி கேட்டு மிச்சத்தை வாங்கிவிடுவார். இசைத்தட்டுக் காலத்தில், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடம் ஓடும் தட்டுகளில் முழு நாடகங்களையே செட்டாக விற்றார்கள். 'வள்ளி திருமணம்' போன்ற இசை நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் காலமானது இந்தப் புதுச்சேரியில்தான், நினைவிடம் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அவர் நாடகங்கள் கண் தெரியாதவருக்கும், விடிய விடியத் தரையில் உட்கார முடியாத முதியவருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42-ஆவது பிரிவில், மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு வேண்டும் என்கிறது. ஆனால் நாடகத்தைப் பதிவு செய்யப் பணம் தருபவர்கள் இன்னும் கேமரா எத்தனை என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

பதிவு செய்யப்போகும் குழுக்களுக்குச் சில விஷயங்கள். ஆர்மோனியத்துக்குத் தனி மைக் வையுங்கள், இல்லாவிட்டால் வசனத்தை விழுங்கிவிடும். மிக்ஸிங் முடிந்ததும் சாதாரண போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். படுக்கையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதில்தான் கேட்கிறார்கள். பார்வையற்ற ஒருவரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொண்டு, அதற்குச் சம்பளமும் கொடுங்கள்.

அப்புறம், கோப்பின் பெயர். 'ட்ராக் 4' என்று நான் அனுப்பியதைப் போன் அப்படியேதான் வாசித்துக் காட்டியதாம். எந்தக் காட்சி எது என்று பெரியவருக்குப் பிடிபடவில்லை. இப்போது 'கிழவர் வேடத்தில் முருகன்' என்றே பெயர் வைக்கிறேன். தினமும் ராத்திரி அதைத்தான் தேடிப் போடுகிறாராம்.