ஒண்டியாக இருந்தால் சளி பிடிக்குமா?

குடியாத்தத்துக்காரர் ஒருவர், பெங்களூரில் வேலை பார்ப்பவர், கேட்டிருக்கிறார்: “அம்மா போனபிறகு அப்பா ஊரில் ஒண்டியாக இருக்கிறார். அடிக்கடி சளி. டெஸ்ட் எல்லாம் நார்மல். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார் அத்தை. தனிமையால் உடம்பு கெடுமா?”

கெடும். செய்வினை எடுக்கக் கொடுக்கும் காசில் பலமுறை ரயிலேறி வந்து அப்பாவைப் பார்த்துவிடலாம்.

மனம் வாடினால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்கும், சரி. அழற்சியை, அதாவது காயத்துக்கும் கிருமிக்கும் எதிராக உடம்பு சிவந்து வீங்கிக் காட்டும் எதிர்ப்பை, அடக்குவது அதன் வேலைகளில் ஒன்று. அப்படியென்றால் தனிமையில் வாடுபவருக்கு அழற்சி குறையத்தானே வேண்டும்? இங்கேதான் வேடிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவ் கோல் குழுவினர் 2007இல் 14 பேரின் வெள்ளை அணுக்களைப் பார்த்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் நெடுநாள் தனிமையை உணர்ந்தவர்களிடம், கார்டிசால் சொல்கேட்டு இயங்கவேண்டிய மரபணுக்கள் அடங்கிக் கிடந்தன. தண்டோரா போட்டும் காதில் வாங்காத ஊர் மாதிரி. அழற்சி மரபணுக்கள் துள்ளின; வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் சோர்ந்திருந்தன.

ஏன் இந்த விசித்திர ஏற்பாடு? கோல் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஆதிமனிதனுக்கு அந்த ஆபத்து குறைவு; மிருகம் கடித்துக் காயம் சீழ்பிடிப்பதே பெரிய ஆபத்து. காயத்துக்கு அழற்சி வேண்டும். அதற்குத்தான் உடம்பு தயாராகிறது. இன்று கடிக்க மிருகம் இல்லை. ஓயாத அழற்சி ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது.

சளி விஷயத்துக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் 1997இல் வெளியிட்ட ஆய்வில், 276 தன்னார்வலர்களின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தார். மூன்று வகை உறவுகளுக்குள் முடங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஆறு வகையும் அதற்கு மேலும் உள்ளவர்களைவிட நான்கு மடங்கு. உறவு, அக்கம்பக்கம், வேலையிடம், கோயில் கூட்டம் என்று வகைகளைத்தான் எண்ணினார். ஆகவே நீங்கள் தினமும் போன் பண்ணினாலும் அப்பாவுக்கு அது ஒரே வகைதான். இதற்காக டாக்டரை விட்டுவிடாதீர்கள். வேறு காரணமும் இருக்கலாம்.

உங்கள் பக்கத்து கே.வி.குப்பம் வட்டாரக் கிராமங்களில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ருஷா என்ற கிராம நலப் பிரிவு முதியோர் பகல்நேர மையங்கள் நடத்திவருகிறது. மத்தியானச் சாப்பாடு, பேச்சுத்துணை. ஸ்கேன் மெஷினுக்குக் கோடிகள் ஒதுக்குகிற அரசு இதற்கும் கொஞ்சம் ஒதுக்கினால் என்ன? அப்பாவுக்குப் பக்கத்தில் அப்படி ஏதும் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் தெருமுனை டீக்கடைக்காவது காலையில் போகச் சொல்லுங்கள்.