டீ குடித்துவிட்டு வந்தால் எடுக்காத லாரி: சூட்டில் ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் என்ஜினைச் சோதிக்கும் முறை

காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. நாள் முழுக்க லோடோடு இழுக்கிறது, பவரில் குறையில்லை. சாப்பிட நிறுத்தி அரை மணி கழித்துச் சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றுகிறதே தவிர எடுப்பதில்லை. இரண்டு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஒழுங்காக எடுக்கிறது. மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள பழைய லாரிகளிலும் மினி லாரிகளிலும் அடிக்கடி வரும் புகார் இது. முதலில் பேட்டரி, பிறகு செல்ஃப் மோட்டார், அதன் பிறகு டீசலைத் தெளிக்கும் நாசில் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் போனதுதான் மிச்சம் என்று புலம்பும் உரிமையாளர்கள் நிறையப் பேர். வண்டி பட்டறைக்கு வந்து வரிசையில் நிற்பதற்குள் ஆறிவிடும். ஆறிய என்ஜினைச் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். கோளாறு இருக்கும் நேரத்தில், சூட்டோடு சோதித்தால் மட்டுமே காரணம் பிடிபடும்.

என்ஜினை நிறுத்தியதும் சூடு உடனே இறங்கிவிடாது. ஃபேனும் தண்ணீர் பம்பும் நின்றுவிடுவதால் என்ஜின் பிளாக்கிலும் புகை வெளியேறும் மேனிஃபோல்டிலும் உள்ள வெப்பம் டீசல் பம்ப், லைன், செல்ஃப் மோட்டார் எல்லாவற்றுக்கும் பரவுகிறது. அடுத்த 10 முதல் 30 நிமிடம் வரை இவற்றின் சூடு ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகிறது. நிறுத்திய மறு நிமிடமே எடுக்கும் வண்டி, டீ குடித்துவிட்டு வந்தால் எடுக்காமல் போவது இதனால்தான்.

முதலில் கவனிக்க வேண்டியது ஒன்றே: என்ஜின் மெதுவாகச் சுற்றுகிறதா, வழக்கமான வேகத்தில் சுற்றியும் எடுக்கவில்லையா? மெதுவாகச் சுற்றினால் கோளாறு கரண்ட் பக்கம். நன்றாகச் சுற்றினால் பெரும்பாலும் டீசல் பக்கம். சந்தேகமாக இருந்தால், காலையில் சுற்றும் சத்தத்தைப் போனில் பதிவு செய்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெதுவாகச் சுற்றும் வண்டிக்கு மல்டிமீட்டர் போதும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். என்ஜின் எடுத்துவிடாமல் இருக்க டீசலை நிறுத்தும் ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 24 வோல்ட் லாரியில் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியே பாருங்கள். சுற்றும்போது எதுவும் 9.5 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. பாட்டு செட்டுக்கும் கூடுதல் விளக்குக்கும் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் பல லாரிகளில் உண்டு. அந்த ஒரு பேட்டரி எப்போதும் அரைச் சார்ஜிலேயே கிடந்து சீக்கிரம் போய்விடும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், அந்த இணைப்பையும் கழற்றுங்கள்.

அடுத்து கேபிள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தின் மேலேயே வையுங்கள், கிளாம்ப்பின் மேல் அல்ல. இன்னொன்றை செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டில் வைத்து செல்ஃப் அடியுங்கள். 24 வோல்ட் வண்டியில் 1 வோல்ட்டுக்கு மேலும், 12 வோல்ட் வண்டியில் 0.5 வோல்ட்டுக்கு மேலும் காட்டினால் கேபிளிலோ டெர்மினலிலோ தடை இருக்கிறது. நெகட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் பாடிக்கும் இடையே இதில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, சேஸிஸில் பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டி இறுக்குங்கள். செம்பின் தடை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 23 சதவீதம் கூடுகிறது. காலையில் எப்படியோ சமாளித்த கேபிள் சூட்டில் தோற்பது இப்படித்தான்.

கேபிள் சரி என்றால் செல்ஃபைக் கழற்றுங்கள். ஆர்மேச்சரை (உள்ளே சுழலும் பாகம்) தாங்கும் புஷ் தேய்ந்து அது சாய்ந்திருந்தால் அதன் மேல் உரசிய பளபளப்பு தெரியும். மேனிஃபோல்டுக்கும் செல்ஃபுக்கும் நடுவே கம்பெனி கொடுத்த வெப்பத் தடுப்புத் தகடு, ஏதோ ஒரு ரிப்பேரில் கழற்றப்பட்டு மறுபடி மாட்டப்படாமல் போயிருக்கலாம். அதையும் பாருங்கள்.

நன்றாகச் சுற்றியும் எடுக்காத வண்டியில் சைலன்சர் முனையைப் பாருங்கள். சுற்றும்போது வெள்ளைப் புகையோ சாம்பல் நிறப் புகையோ வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை, அல்லது போதவில்லை.

புகை இல்லாத வண்டியில் முதலில் ஸ்டாப் லீவர். கேபிள் இறுகி லீவர் முழுதாகத் திரும்பாமல் இருந்தாலே போதும், வண்டி எடுக்காது. டீசல் வழியைத் திறந்து மூடும் மின்சார ஸ்டாப் சொலினாய்டு உள்ள பம்பில் சாவி போட்டதும் ‘டிக்’ சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பேட்டரியிலிருந்து நேர் ஒயர் கொடுத்துப் பாருங்கள். நேர் ஒயரில் வேலை செய்தால் கோளாறு ஒயரிங்கில். அப்போதும் சத்தமில்லை என்றால் சொலினாய்டையே மாற்ற வேண்டும்.

அடுத்து டீசல் லைனில் புகும் ஏர். ஹேண்ட் பிரைமரை (கையால் டீசலை ஏற்றும் சிறு பம்ப்) அடித்ததும் கெட்டியாகி, பிறகு வண்டி உடனே எடுத்தால், நின்ற நேரத்தில் டீசல் டேங்குக்கே இறங்கிவிட்டது என்று அர்த்தம். சூட்டில் இளகிய ரப்பர் ஹோஸ், மறுபடி மறுபடி போட்ட செம்பு வாஷர், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் தேய்ந்த வால்வு ஆகியவையே வழக்கமான இடங்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஓரடி தெளிவான டீசல் ஹோஸ் போட்டுப் பார்த்தால் குமிழ் கண்ணில் தெரியும். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு யாரும் பம்பை இறக்கக்கூடாது.

இதுவரை எல்லாம் சரி, குமிழும் இல்லை, ஆனாலும் சூட்டில் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் பம்பின் உட்பாகங்கள் தேய்ந்திருக்கின்றன. ஒரே சுழலும் பாகம் எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் டிபிஏ, விஇ போன்ற ரோட்டரி பம்புகளில் இது அதிகம். ஹெட்டுக்கும் அதனுள் சுழலும் ரோட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கு. அதில் வரும் தேய்மானத்தைக் குளிர்ந்த டீசலின் கெட்டித்தன்மை மறைத்துவிடுகிறது. சூடான டீசல் நீர்த்து அந்த இடைவெளியில் கசிகிறது. நாசிலைத் திறக்கத் தேவையான அழுத்தம் வருவதில்லை. ஓடும்போது இது தெரியாது, ஏனென்றால் வேகத்தில் கசிய நேரமே கிடைப்பதில்லை. செல்ஃபில் என்ஜின் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் பம்ப் சுற்றுவது 100 தான். மண்ணெண்ணெய் கலந்த டீசல் இந்தக் கசிவையும் கூட்டும், தேய்மானத்தையும் கூட்டும்.

உறுதிப்படுத்த எளிய வழி ஈரத்துணி. என்ஜின் நின்ற நிலையில், பம்பின் ஹெட்டைச் சுற்றி நனைத்த துணியைப் போட்டு ஐந்து பத்து நிமிடம் துணியின் மேல் மட்டும் தண்ணீர் விடுங்கள். மின் இணைப்புகள் நனையக்கூடாது. அதன் பிறகு வண்டி எடுத்தால் சந்தேகம் பம்பின் மேல்தான். ஓடும் பம்பின் மேலோ சூடான பிளாக்கிலோ குளிர்ந்த தண்ணீர் ஊற்றவே வேண்டாம். ஓடும் பம்ப் சிக்கிக்கொள்ளும், பிளாக் வெடிப்பு விடும்.

பம்பை டெஸ்ட் பெஞ்சுக்குக் கொடுக்கும்போது ‘சூட்டில் எடுக்கவில்லை’ என்று எழுதிக் கொடுங்கள். பெஞ்சில் ஓடும் டெஸ்ட் ஆயில் வழக்கமாக 40 டிகிரிதான். வண்டியில் பம்ப் அதைவிட மிக அதிகச் சூட்டில் இருக்கும். அதனால் அதிக வேகத்தில் அளவு சரியாக வந்து, ‘பம்ப் ஓகே’ என்று திரும்பி வரும். 100 சுற்றில் ஒவ்வொரு லைனுக்கும் எவ்வளவு டீசல் வருகிறது என்று கேட்டு வாங்குங்கள். ஹெட்டும் ரோட்டரும் ஜோடியாகவே மாற்ற வேண்டியவை. சீல் கிட் மட்டும் போட்டால் இந்தக் கோளாறு தீராது.

வெள்ளைப் புகை வந்தும் எடுக்காத வண்டியில் டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) பாருங்கள். தேய்ந்த ரிங்கால் கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுத்தப்படுவது) குறைந்தால் காலையில்தான் முதலில் சிரமம் தெரியும். டேப்பட் இறுகியிருந்தால் நேர்மாறு: சூட்டில் விரிந்த வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் போய்விடும்.

வழியில் மாட்டிக்கொண்டால் ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். நடுவே இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள், இல்லையென்றால் செல்ஃபும் போய்விடும். ஈதர் ஸ்பிரே அடித்தால் பிஸ்டனும் ரிங்கும் உடையலாம். ஈரத்துணி, பிரைமர், இரண்டும் பலிக்கவில்லை என்றால் ஒரு மணி நேரப் பொறுமை. தொப்பூர் போன்ற கணவாய்ச் சரிவில் லோடு லாரியை உருட்டிவிட்டு கியரில் எடுக்கப் பார்ப்பது மட்டும் வேண்டாம். என்ஜின் நின்றால் பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரசரும் பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்தே நின்றிருக்கும். ஏர் டேங்கில் மிச்சமிருக்கும் காற்று சில மிதிப்புகளில் தீர்ந்துவிடும்.