தோட்டா நுழையலைன்னா சேம்பரைச் சுரண்டாதீங்க

"சேம்பர் சுருங்கிப்போச்சுண்ணே, எமரி ஷீட் போட்டுக் கொஞ்சம் லூஸ் பண்ணிக் கொடுங்க" என்று இனி யாராவது துப்பாக்கியை நீட்டினால் வாயைத் திறக்கப் போவதில்லை. (சேம்பர் என்பது பேரலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் குழி.) இதைப் படிக்கக் கொடுத்துவிடுவேன். போன வாரம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு .315 ரைஃபிள் வந்தது. யாரோ ஏற்கெனவே தேய்த்து வைத்திருக்கிறார்கள். சேம்பர் சுவர் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். இனி கம்பெனித் தோட்டா போட்டாலும் சுட்ட கூடு, அதாவது தோட்டாவின் பித்தளை உறை, அந்தக் கீறலில் கவ்விக்கொள்ளும்.

சேம்பர் எஃகு. அது சுருங்காது. பெருப்பது பித்தளைக் கூடு. சுடும்போது எழும் அழுத்தம் கூட்டைச் சேம்பர் சுவரோடு அப்புகிறது. அழுத்தம் இறங்கியதும் பித்தளை மயிரிழை பின்வாங்கும். பழைய அளவுக்கு வராது. வேறு ரைஃபிளில் சுட்ட கூடு என்றால் அந்த ரைஃபிளின் அளவில் நிற்கும். ஒரே ஃபேக்டரியில் செய்த இரண்டு ரைஃபிளிலும்கூட சேம்பர் நூல் பிசகாமல் ஒத்திருக்காது. திரும்பத் திரும்பச் சுட்ட பித்தளை கெட்டிப்பட்டு, டையில் (கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சு) அழுத்தினாலும் முரண்டு பிடிக்கும். கூடு பெருத்ததற்குச் சேம்பரைத் தேய்ப்பது செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுகிற வேலை.

காட்பாடியில் படித்துவிட்டு டெக்ஸாஸில் வேலை பார்க்கும் தம்பிகளும் வாட்ஸப்பில் இதையேதான் கேட்கிறார்கள். அங்கே தோட்டா ரீலோட் செய்வது, அதாவது சுட்ட கூட்டில் திரும்ப மருந்தும் குண்டும் வைப்பது, வீட்டு கராஜில் நடக்கும் பொழுதுபோக்கு. தம்பிகளா, குண்டும் வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாமல், டையில் அழுத்திய வெறுங் கூட்டை முதலில் போட்டுப் பாருங்கள். அதுவே இறுகினால், டையைப் போதுமான அளவு கீழே இறக்கவில்லை என்று அர்த்தம். சுட்ட கூட்டின் தோள் (கழுத்துக்குக் கீழே கூடு சரியும் இடம்), இஞ்சில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பாகமாவது பின்னுக்குப் போக வேண்டும். (.315 மாதிரி பின்னால் விளிம்புள்ள தோட்டாவுக்குத் தோளைப் பார்க்க வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை. விளிம்பு தோட்டாவை நிறுத்தத்தான். பெருத்த தோள் அங்கேயும் முட்டும்.)

வெறுங் கூடு நுழைந்து, குண்டு வைத்தபின் இறுகினால், மருந்தும் பிரைமரும் இல்லாத ஒரு டம்மிக்குக் கறுப்பு மார்க்கர் பூசி மெதுவாகப் போட்டு எடுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறது? குண்டில் என்றால் அது வெளியே அதிகம் நீட்டி, பேரலுக்குள் இருக்கும் சுருள் வரிகளில் (ரைஃப்ளிங்) உரசுகிறது. தோளடியில் என்றால், குண்டு நழுவாமல் கூட்டின் வாயை நெரிக்கும் கிரிம்ப் அழுத்தம் அதிகமாகிப் பிதுங்கியிருக்கலாம். கூடுகளை ஒரே நீளத்துக்கு வெட்டாதவர்களுக்கு இது சகஜம். கூட்டின் வாயில் என்றால் கூடு நீண்டுவிட்டது. அதுதான் எமன். வாய் நெரிந்து குண்டைக் கவ்வினால் அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

"போல்ட்டை உள்ளங்கையால ஒரு தட்டு தட்டினா மூடிக்குதே?" மூடும். போல்ட்தான் தோட்டாவுக்குப் பின்னால் சேம்பரை அடைக்கும் கதவு. உங்கள் முகம் அதற்குப் பின்னால்தானே இருக்கப் போகிறது! மூடிய பிறகு பயந்து திறந்தால், குண்டு பேரலிலேயே மாட்டிக்கொண்டு மருந்து உள்ளே கொட்டுவதும் உண்டு. மருந்து நிரப்பிய தோட்டாவைத் திரும்ப டையில் விட்டு அழுத்துகிற மகராசன்களும் இருக்கிறார்கள். அவர்களோடு பேச எனக்குத் தெம்பில்லை.

நம்ம ஊருக்கு வருவோம். 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதும் விற்பதும் குற்றம். 'ரீஃபில்' தோட்டா சல்லிசாகக் கிடைக்கிறது என்று யாராவது காதில் ஓதினால் வாங்காதீர்கள். அந்தக் கூடு எந்தத் துப்பாக்கியில் வெடித்ததோ, உள்ளே என்ன மருந்தோ, யார் கண்டது? கம்மவான்பேட்டை பட்டாளத்துக்காரர்கள் யாரும் இப்படி என்னிடம் வந்ததில்லை. சந்தேகமான தோட்டாவைத் தனியே வைக்க அவர்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

மருந்து நிரப்பிய, இன்னும் சுடாத தோட்டா பாதியில் மாட்டிக்கொண்டால் குழல்வாயை ஆளில்லாத மண்மேட்டுப் பக்கம் காட்டியபடி வையுங்கள். ட்ரிகரில் விரல் வேண்டாம். முன்பக்கத்திலிருந்து கம்பி விட்டுக் குத்தாதீர்கள், சுத்தியலைத் தொடாதீர்கள். அதோடு தயவுசெய்து பஸ் ஏறி வராதீர்கள். ஃபோன் பண்ணுங்கள், நானே வருகிறேன். நான் வருகிறவரை அதே டப்பாவில் மிச்சமிருப்பதை அப்படியே வையுங்கள், 'இது நல்லாத்தான் இருக்கு' என்று சுட்டுத் தீர்த்துவிடாதீர்கள்.