பரிசாகப் போகும் இரும்புச் சட்டி

சமையலில் பிரியமுள்ள ஒருவருக்கு வார்ப்பிரும்புச் சட்டி வாங்கப் போனால், முதலில் கைக்குத் தெரிவது அதன் கனம்தான். 26 சென்டிமீட்டர் அகலச் சட்டி ஒன்றே இரண்டரைக் கிலோவை நெருங்கும். இதைத் தூக்கிச் சமைக்க முடியுமா என்று தயங்கி, மெல்லிய அலுமினியச் சட்டியோடு திரும்புகிறவர்கள் உண்டு. தயக்கம் நியாயமானதே. ஆனால் வார்ப்பிரும்பின் குணம் முழுக்க அந்தக் கனத்தில்தான் இருக்கிறது.

இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பார்கள். கிராம் கணக்கில் பார்த்தால் விஷயம் வேறு. ஒரு கிராம் இரும்பை ஒரு டிகிரி சூடாக்க 0.45 ஜூல் வெப்பம் போதும். அலுமினியத்துக்கு 0.9 ஜூல் வேண்டும். அப்படியானால் ஒரே எடையில் அலுமினியம்தான் இரண்டு பங்கு வெப்பத்தைச் சேமிக்கிறது. இரும்புச் சட்டி ஜெயிப்பது எடையால். 2.4 கிலோ சட்டியை 220 டிகிரி செல்சியஸ் வரை காயவைத்து, அதில் ஈரமான மீன் துண்டையோ காய்கறியையோ போடுகிறோம் என்று வையுங்கள். சட்டி 150 டிகிரிக்கு இறங்குவதற்குள் அது விட்டுக்கொடுக்கும் வெப்பம் ஏறக்குறைய 75 கிலோஜூல். சுமார் 30 கிராம் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க அது போதும். 600 கிராம் அலுமினியச் சட்டியிடம் இதில் பாதிதான் இருக்கும். வறுபடும்போது மேற்பரப்பு பொன்னிறமாக முறுகுவதற்கு 140 டிகிரிக்கு மேல் சூடு நிலைக்க வேண்டும். சூடு சரிந்தால் துண்டு தன் நீரிலேயே வெந்து வெளுத்துப் போகும். கனமான சட்டி அந்தச் சரிவைத் தாங்கிக்கொள்கிறது.

ஆனால் சூட்டைப் பரப்புவதில் இரும்பு மந்தம். அலுமினியம் அதைவிட நான்கு மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் அடுப்பின் தீ படும் இடத்தில் சட்டி கொதிக்க, ஓரம் வெறும் வெதுவெதுப்பாக நிற்கும். சிறு தீயில் எட்டு, பத்து நிமிடம் காயவிட்டால் இந்த வேறுபாடு பெருமளவு குறைந்துவிடும். அவசரத்தில் தீயைக் கூட்டுவதுதான் தவறு.

ஏன் இவ்வளவு தடிமனாக வார்க்கிறார்கள்? தூய இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். அதில் 4 சதவீதம் அளவுக்குக் கார்பன் கலந்தால் 1200 டிகிரி அளவிலேயே உருகி, மணல் அச்சுக்குள் தண்ணீர்போல் ஓடும். ஆப்ரகாம் டார்பி என்ற ஆங்கிலேயர் 1707-இல் இரும்புப் பானைகளை மணலில் வார்க்கக் காப்புரிமை பெற்றார். ஆறும்போது அந்தக் கார்பனில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உள்ளே படிகிறது. செதில்களின் ஓரத்தில்தான் விரிசல் தொடங்கும். அதனால் வார்ப்பிரும்பு வளையாது, உடையும். மெல்லிய தகடாக வார்த்தால் தாங்காது. கல் தரையில் தவறி விழுந்தாலோ, கொதிக்கும் சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றினாலோ கீறல் விடலாம். வாங்கும்போது கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டு விரலால் தட்டிப் பாருங்கள். நல்ல சட்டி மணிபோல் ஒலிக்கும். கீறல் இருந்தால் ஓசை மழுங்கிவிடும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பது குறையல்ல, மணல் அச்சின் தடம்தான் அது.

எனக்கு இந்தச் சட்டியில் மிகவும் பிடித்த பகுதி அதன் கறுப்புப் பூச்சு. அது கறையோ எண்ணெய்ப் பிசுக்கோ அல்ல. சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. சூடான இரும்பின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றைத் தாக்க, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகி, கெட்டியான பலபடியாக (பாலிமராக) மாறுகின்றன. அதன்பின் அது எண்ணெயே அல்ல, எண்ணெயிலிருந்து பிறந்த ஒரு மெல்லிய ஓடு. ஆகவே மென்மையான பாத்திரச் சோப்பு அதைக் கரைக்காது. காஸ்டிக் காரம் மிகுந்த சோப்புகள்தான் அதை அரிக்கும். சோப்பே ஆகாது என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. கழுவியதும் துடைத்து, அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்குவதுதான் முக்கியம்.

பழக்காத, அதாவது இந்தப் பூச்சு ஏறாத சட்டியைக் கொடுப்பதைவிட, நீங்களே பழக்கிக் கொடுங்கள் என்பேன். எண்ணெயைத் தடவியபின் தவறுதலாகத் தடவிவிட்டதுபோல் முழுவதும் துடைத்து எடுங்கள். மிச்சமிருக்கும் கண்ணுக்குத் தெரியாத படலமே போதும். தடித்தால் பிசுபிசுக்கும். 230 டிகிரி ஓவனில் கவிழ்த்து ஒரு மணி நேரம், ஆறியபின் மறுபடியும். இப்படி மூன்று, நான்கு முறை. புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். மணிக்கட்டு வலி உள்ளவருக்கு 30 சென்டிமீட்டர் சட்டி வேண்டாம். அது மூன்றரைக் கிலோவைத் தொடும். 20 சென்டிமீட்டர் போதும், அல்லது கைப்பிடிக்கு எதிரே இன்னொரு சிறு பிடி உள்ளதாகப் பாருங்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்கு வார்ப்பிரும்பு நன்றாகப் பொருந்தும், காந்தம் ஒட்டும் உலோகமாயிற்றே. ஆனால் அடி சமதளமாக இருக்க வேண்டும், கண்ணாடிப் பரப்பில் இழுக்கக் கூடாது. தக்காளி போன்ற புளிப்பை நெடுநேரம் கொதிக்கவிடுபவர் என்றால் எனாமல் பூசியதே நல்லது. அமிலம் கறுப்புப் பூச்சை அரித்து, இரும்பைக் கரைத்து உணவில் சேர்க்கும். பலருக்கு அந்த இரும்பு நன்மையே. உடலில் இரும்பு மிகையாகச் சேரும் நோய் உள்ளவருக்கு இந்தப் பரிசு ஆகாது. அவர்களுக்கும் எனாமல் சட்டியே சரி.

கட்டும்போது பிளாஸ்டிக் உறையில் இறுக்க வேண்டாம். உள்ளே சிக்கும் ஈரம் இரண்டே நாளில் துருப்புள்ளிகளைக் கிளப்பிவிடும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள். சூடான கைப்பிடியைப் பிடிக்க அந்தத் துணியே உதவும்.