எபிக்டெட்டஸ் சொன்ன மூன்றாவது படி

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் முதல் வாரமே ஒரு நோட்டு வாங்கச் சொல்வேன். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதில் முதல் வரியாக எழுதிவந்தது: "மகன் என்னை மறந்துவிட்டான்." என்ன நடந்தது என்று கேட்டேன். நான்கு நாளாகப் போன் வரவில்லையாம். நடந்தது அவ்வளவுதான். 'மறந்துவிட்டான்' என்பது இவர் எழுதிய தீர்ப்பு. இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.

இந்தப் பயிற்சி மிகப் பழையது. இன்றைய துருக்கியில் உள்ள ஹியராபொலிஸில், கி.பி. முதல் நூற்றாண்டில் பிறந்த தத்துவவாதி எபிக்டெட்டஸ். ரோமில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். பேரரசர் டொமிஷியன் தத்துவவாதிகளை விரட்டியபோது கிரேக்கத்தின் நிக்கோபொலிஸுக்குப் போய்ப் பள்ளி நடத்தினார். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. நம்மிடம் இருப்பவை மாணவர் ஆரியன் எடுத்த குறிப்புகள். அவற்றிலிருந்து தொகுத்த கையேட்டில் 45ஆம் பகுதி எனக்குப் பிடித்தது. ஒருவர் அவசரமாகக் குளித்தால் 'மோசமாகக் குளிக்கிறார்' என்று சொல்லாதே, 'அவசரமாகக் குளிக்கிறார்' என்று மட்டும் சொல் என்கிறார். காரணம் தெரியாமல் மோசம் என்று எப்படிச் சொல்வாய்?

இதைவிடப் பிரபலமானது 5ஆம் பகுதி: மனிதரைக் கலங்கடிப்பவை நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றைப் பற்றிய அவர்களுடைய எண்ணங்களே. 1950களில் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் சிகிச்சை முறையை உருவாக்கியபோது இந்த வாசகத்தைத்தான் எடுத்துக்காட்டினார். இன்று சி.பி.டி. என்று நாங்கள் சொல்லும், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சைக்கும் வேர் இங்கே உண்டு.

ஆனால் வீடுகளில் இது ஓர் ஆயுதமாகிவிடுகிறது. அழுகிறவரிடம் "எல்லாம் உன் மனசுலதான் இருக்கு" என்பார்கள். அவரும் நம்பி, 'அப்போ தப்பு என்னுடையதுதான்' என்று தன்னையே அடித்துக்கொள்வார். அதே 5ஆம் பகுதியை இன்னும் நாலு வரி படித்திருக்கலாம். தன் துயரத்துக்குப் பிறரைக் குறை சொல்பவன் எதுவும் கற்காதவன். தன்னைக் குறை சொல்பவன் கற்கத் தொடங்கியவன். இருவரையும் குறை சொல்லாதவனே கற்றவன். என்னிடம் வருகிறவர்களில் பலர் இரண்டாவது படியிலேயே வருஷக்கணக்கில் நின்றுவிட்டவர்கள்.

இன்னொன்று. தூக்கமும் பசியும் இரண்டு வாரமாக இல்லையென்றால் நோட்டு மட்டும் போதாது, மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். தத்துவப் பள்ளியை வைத்தியசாலை என்று சொன்னவர் எபிக்டெட்டஸ். வைத்தியரிடம் போவதை அவர் தவறாக நினைத்திருக்க மாட்டார்.

பெரியவர் அடுத்த வாரம் எழுதிவந்தது: "மகன் போன் பண்ணவில்லை. நான் பண்ணினேன். எடுக்கவில்லை." அதற்குக் கீழே ஏதோ எழுதி அடித்திருந்தார். என்னவென்று நான் கேட்கவில்லை.